கண்மாயில் தொடங்கிக் கடலில் முடிந்த நான்கு நாட்கள்

முதல் நாள்: சாமநத்தம்

பொங்கல் முடிந்து நான்கு நாளாகிறது. தெருவோரம் கரும்புச் சக்கை இன்னும் காய்ந்து கிடக்கிறது. அதிகாலை ஐந்தே கால் மணிக்கு, முதல் பாத்திரம் பொங்கி வரும் நேரத்தில், பருத்திப்பால் வண்டியின் முன்னால் மூன்று பேர் நின்றோம். நான், ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முந்தின இரவே வந்து தங்கிய சித்தப்பா. சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கிய பிறகு சித்தப்பா கேட்டார்: “பறவை பார்க்க இந்த இருட்டில் எதற்கம்மா கிளம்ப வேண்டும்? அவை எங்கே போய்விடப் போகின்றன?”

அவருக்கு எழுபத்திரண்டு வயது. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பிரித்து விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, வாழ்நாள் முழுக்கக் கண்மாய்க்கரையிலேயே நடந்த சித்தப்பாவுக்குப் பறவை பார்ப்பதற்கென்று ஒரு பயணம் என்பது விளங்கவில்லை. என் மகள்தான் விடாப்பிடியாக அவரை இழுத்து வந்தாள்.

மதுரையில் இருந்துகொண்டு பறவை பார்க்க ஆசை என்று யாரிடம் சொன்னாலும் வேடந்தாங்கலுக்குப் போ, கோடியக்கரைக்குப் போ என்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். நம்மைச் சுற்றி இத்தனை கண்மாய்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து தை மாதத்தில் தளும்பி நிற்கின்றன. அங்கே வந்து இறங்கும் உயிர்களை நாம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தத் திட்டம்: நகரத்தின் ஓரத்துக் கண்மாயில் தொடங்கி, மேலூர்க் குன்றுகள் வழியாக வேட்டங்குடி போய், கடைசியில் பாக் விரிகுடாவின் சதுப்பில் முடிப்பது. கையில் ஒரு பைனாகுலர், ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான் எங்கள் சாமான்.

சிந்தாமணியைத் தாண்டிச் சாமநத்தம் கண்மாய்க்கரையில் ஏறியபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. முதலில் சத்தம்தான் வந்தது. எங்கோ கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழிகள் கரகரவென்று கத்தின. பனி விலக விலக, தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு மரத்திலும் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப் போட்டிருந்தன. நடுத்தண்ணீரில் நாமக்கோழிக் கூட்டம். அதைத் தாண்டி, ஊசிபோல நீண்ட வாலும் காபி நிறத் தலையுமாக வாத்துகள். ஊசிவால் வாத்துகள் என்று உறுதியானதும் என் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி, மத்திய ஆசிய வான்வழியாக இமயத்தைக் கடந்து வந்தவை அவை. அவனியாபுரத்து மாட்டுக்கொட்டகைகளுக்கு இவ்வளவு பக்கத்தில்.

சித்தப்பாவுக்குப் பைனாகுலரைப் பழக்க அரை மணி நேரம் ஆனது. ஆனால் பெயர் சொல்வதில் அவர்தான் எங்களுக்கு ஆசிரியர். நான் புத்தகப் பெயரைச் சொல்வேன், அவர் ஊர்ப் பெயரைச் சொல்வார். வெண்மார்பும் சிவந்த பின்புறமுமாகக் கரையோரம் ஓடியதைக் ‘கானாங்கோழி’ என்றார். முக்குளிப்பானை அவர் ‘முங்குளிப்பான்’ என்கிறார். கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியதைக் கண்டு, “அது பாம்புத்தாரா, எங்கள் கண்மாய்க்கும் வரும்” என்றார். மகள் நோட்டில் இரண்டு பத்தி போட்டு இரண்டு பெயரையும் எழுதினாள்.

அல்லி இலைகளின் மேல் இலைக்கோழி ஒன்று நடந்ததை நெடுநேரம் பார்த்தோம். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கால்விரல்கள். ஒரு இலையில் காலை வைக்கும்போது விரல்கள் விசிறிபோல விரிகின்றன. எடை எல்லாப் பக்கமும் பரவுகிறது. இலை லேசாக அமிழ்ந்து, விளிம்பில் ஒரு வளையம் தண்ணீர் ஏறி, பறவை அடுத்த இலைக்குப் போனதும் மீண்டும் மிதக்கிறது. அப்படியே ஒரு முழுத் திட்டையும் நனையாமல் கடந்துவிட்டது.

வெயில் ஏறியதும் கரையின் மறுபக்கம் தெரிந்தது. பிளாஸ்டிக் பைகள், கட்டட இடிபாடு, உடைந்த கண்ணாடி. நெஞ்சு கனத்தது. மதுரையில் குளம் என்று முடியும் பேட்டைகளை எண்ணிப் பாருங்கள். தல்லாகுளம் இருக்கிறது, பீபிகுளம் இருக்கிறது. பெயரில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. சாமநத்தத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்று மதுரைப் பறவை ஆர்வலர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். அறிவிப்பு வரும்வரை குப்பையாவது போடாமல் இருக்கலாம் அல்லவா?

இரண்டாம் நாள்: அரிட்டாபட்டி

இன்று தண்ணீர்ப் பறவைகள் குறைவு. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த நாள்.

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போய்ப் பிரிந்தால் ஏழு குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 72 ஏரி குளங்கள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் இங்கே இருப்பதாக அந்த அறிவிப்பு சொல்கிறது. பாறையில் விழும் மழை சுனையில் தங்கி, கசிந்து இறங்கிக் கண்மாய்க்கு வருகிறது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய் இப்படித்தான் நிறைகிறது. பாறை தேங்காய் மட்டை போல உரிந்து நிற்கும் ஒரு குன்றின் மேல், வல்லூறு ஒன்று இறக்கையை மடக்கிக்கொண்டு கல்லாக விழுந்ததைக் கண்டேன். விழுந்த இடத்திலிருந்து புறாக்கள் சிதறின. லகுடு, வல்லூறு, ராசாளி என்ற மூன்று வேட்டைப் பறவைகளும் வாழும் குன்றுகள் இவை. எங்களுக்கு இன்று வல்லூறு மட்டும்தான் கிடைத்தது.

கீழே நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நாங்கள் கேட்காமலே போராட்டக் கதையைச் சொன்னார். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு இந்த வட்டாரத்தை ஏலம் விட்ட செய்தி வந்தபோது சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் எழுந்தன. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. “நானும் நடந்தேன் தாயி, கால் வீங்கிவிட்டது” என்றார் அவர். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவரைக் கும்பிட்டார். அவரும் நடந்தவர்தான், என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை.

இங்குள்ள குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் தனியாக எழுத வேண்டியவை. மாலையில் சித்தப்பா ஊரிலேயே தங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள்: வேட்டங்குடி

காலை ஆறரைக்கு வாடகைக் காரில் திருப்பத்தூர்ச் சாலையில் போனோம். மதுரையிலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சாலையை ஒட்டியே கண்மாய். சரணாலயம் என்றவுடன் பெரிய வாசலும் வேலியும் மனதில் வரும். இங்கே மூன்று ஊர்களின் பாசனக் கண்மாய்கள்தான் சரணாலயம்: பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. 1977இல் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 38.4 ஹெக்டேர்தான். ஒரு பெரிய தென்னந்தோப்பு அளவில் அடங்கிவிடும் இடம்.

அந்தச் சிறிய இடத்தின் ஒவ்வொரு கருவேல மரத்திலும் குடித்தனம். மேல்கிளையில் நத்தைகுத்தி நாரைகள், நடுக்கிளையில் வெள்ளை அரிவாள்மூக்கன்கள், கீழே கொக்குகளும் நீர்க்காகங்களும். கரண்டிவாயன்கள் ஒரு தனி மரத்தில். மரம் ஒவ்வொன்றும் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. நாரைக்குக் குரல் கிடையாது. அதனால் அலகோடு அலகைத் தட்டிப் பேசிக்கொள்கின்றன. நூறு நூறாக அலகு தட்டும் அந்தச் சத்தம், மழையில் ஓலைக்கூரை படபடப்பது போல விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. காரை வந்த வழிக்குத் திருப்பி நிறுத்துவதற்காக ஓட்டுநர் பின்னால் எடுத்தார். சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்தார். ஓட்டுநர் பழக்கத்தில் ஹாரனை அழுத்திவிட்டார். ஒரே ஒரு முறைதான். கண்மாய் முழுவதும் எழுந்தது. வானம் மறைந்து, கரையில் நிழல் ஓடியது. கூட்டில் குஞ்சுகளை விட்டுப் பறந்த நாரைகள் சுற்றிச் சுற்றி வந்தன. வெயிலில் குஞ்சுக்கு நிழலாகச் சிறகை விரித்து நின்ற தாய்ப் பறவைகளும் எழுந்துவிட்டன. அவை எல்லாம் மறுபடி இறங்கி அடங்க எங்கள் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடமும் நாங்கள் நால்வரும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றோம். ஓட்டுநர் தம்பியின் முகம் வாடிவிட்டது. சைக்கிளில் வந்த பெரியவர் கோபப்படவில்லை. “இங்கே தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இந்த ஊர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று செய்தித்தாளில் ஆண்டுதோறும் படித்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் வேட்டுச் சத்தம் இல்லை. தீபாவளியன்று வனத்துறையினர் வந்து பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள். படித்தபோது ஒரு நல்ல செய்தி என்று மடித்து வைத்துவிட்டேன். அந்த ஒரு ஹாரனைக் கேட்ட பிறகுதான் இந்த மக்கள் ஐம்பது ஆண்டாக எதை விட்டுக்கொடுத்து வாழ்கிறார்கள் என்பது உறைத்தது. பிள்ளைகளுக்கு மத்தாப்பு ஆசை இல்லாமலா இருக்கும்? அவர்களிடம், மரத்தில் குஞ்சு இருக்கிறது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

பெரியவர் எங்களோடு கரையில் நடந்தார். தரையெல்லாம் நத்தைக் கூடுகள். ஒன்றை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சை அளவு, பச்சையும் பழுப்புமாக. “பார், எங்காவது உடைந்திருக்கிறதா?” திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. வாய்மூடி மட்டும் போயிருந்தது. உள்ளே துடைத்தது போலச் சுத்தம். நத்தைகுத்தி நத்தையை உடைப்பதே இல்லை. பத்தடித் தூரத்தில் ஒன்று வேலை செய்துகொண்டிருந்ததைப் பைனாகுலரில் பார்த்தோம். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையைக் கண்டதும், தலையை நீருக்குள் வைத்தபடியே மேலலகால் அதைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. கத்திபோல மெலிந்த கீழலகை வாய்மூடியின் இடுக்கில் நுழைத்துத் தசையை அறுக்கிறது. தலையை இரண்டு முறை அசைக்கிறது. அவ்வளவுதான், உருவிய சதை அலகில் ஆடுகிறது. மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரியும் அந்த அலகைப் பார்த்து, “பாக்குவெட்டி மாதிரி இருக்கிறது” என்றாள் மகள். வீட்டுப் பாட்டியின் பாக்குவெட்டியும் அப்படித்தான், மூடினாலும் இடைவெளி தெரியும். ஆனால் கூட்டிலிருந்த குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளியே இல்லை. நேராக, சாதாரண நாரை அலகாக இருக்கிறது. வளர வளரத்தான் வருகிறது.

நத்தை நெல் நாற்றைத் தின்னும். நாரை நத்தையைத் தின்னும். மரத்தடியில் விழும் எச்சம் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போகும். “இந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரம் குறைவாகப் போட்டால் போதும்” என்றார் பெரியவர். சித்தப்பாவின் முகத்தில் இதுவரை இல்லாத ஒரு கவனம் வந்ததை அப்போது பார்த்தேன். உடனே கண்மாயின் மடை எங்கே, எத்தனை மடை, கலுங்கு எந்தப் பக்கம், ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். இரண்டு பெரியவர்களும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பறவை பார்ப்பது அரை மணி நேரம் நின்றுபோனது. எனக்கு அது நிறைவாகவே இருந்தது.

சித்தப்பா என் மகளுக்குக் கரை மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். பிறை நிலா போல ஒரு வளைவு: அதுதான் கரை. வளைவின் திறந்த பக்கம் உள்வாய், தண்ணீர் வரும் பக்கம். கரையில் ஒரு புள்ளி: மடை. கரையின் கோடியில் ஒரு கோடு: கலுங்கு. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. ஒரு கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கண்மாய்க்கும் பட்டினி. பழைய கண்மாய்களின் நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித் தூம்பு அது. அடியில் உள்ள கல்தொட்டியின் மேல்பக்கம் ஒரு பெரிய துளை, நீரோடி. தரையோடு சிறிய துளைகள், சேறோடி. மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும் வேகத்தில் அடிச்சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் விடும்போதே தூர் போகிறது. “உன் கொள்ளுத்தாத்தா மூச்சை அடக்கிக்கொண்டு முங்கிப்போய் அடைப்பைத் திறப்பார். நான் கரையில் நின்று எண்ணுவேன். அறுபது எண்ணுவதற்குள் வராவிட்டால் அழுதுவிடுவேன்” என்றார் சித்தப்பா.

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. தாத்தாவின் பழைய புகைப்படம் ஒன்று மட்டும் வீட்டில் இருக்கிறது.

பறவை எங்கே இருக்கிறது என்று தேடிக் கிளம்பினேன். கண்மாயைப் பார்த்துக்கொண்ட ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருக்கிறது என்பது இந்த வேப்பமரத்தடியில்தான் தெரிந்தது. மரத்தை நட்டவர், மடையைப் பூட்டியவர், தூர் எடுத்தவர், வெடி வேண்டாம் என்ற பிள்ளைகள். இவர்களில் ஒருவர் விலகினாலும் இந்த முப்பத்தெட்டு ஹெக்டேர் வெறும் கருவேலங்காடாகிவிடும்.

திரும்பும்போது ஓட்டுநர் தம்பி காரைச் சாலை வரை தள்ளிக்கொண்டே வந்து, அங்கேதான் என்ஜினைப் போட்டார். யாரும் சொல்லவில்லை.

நான்காம் நாள்: விரிகுடா

மதுரையிலிருந்து ராமநாதபுரம் 115 கிலோமீட்டர். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தோம். மானாமதுரை, பரமக்குடி என்று வைகை கூடவே வருகிறது, மணலும் கொஞ்சம் தண்ணீருமாக. 258 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு நேராகக் கடலுக்குப் போவதில்லை. வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கிறது. அதுவும் நிறைந்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரை வழியாக விரிகுடாவைத் தொடும். ‘கடலுக்குப் போய் வீணாகிறது’ என்ற பேச்சு வைகைக்குப் பொருந்தாது. ஆனாலும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு: எப்போதாவது மிஞ்சிப் போகும் அந்தத் தண்ணீரும் வீணில்லை. அதற்குக் காத்திருக்கும் உயிர்களைப் பார்க்கத்தான் இன்று போகிறோம்.

ஊருக்குள் நுழைவதற்கு முன் சக்கரக்கோட்டைக் கண்மாயை ஒரு மணி நேரம் பார்த்தோம். 2012இல் சரணாலயமானது, 230 ஹெக்டேர். இதையும் தேர்த்தங்கல் கண்மாயையும் 2025 பிப்ரவரியில் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஈரானின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான சதுப்புநில உடன்படிக்கையின் கீழ், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளைச் சேர்க்கும் பட்டியல் அது. மாவட்டத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டின் இருபது ராம்சார் தலங்களில் இப்படிச் சாதாரண பாசனக் கண்மாய்கள் பல இருப்பது பெருமைக்குரியது. கூழைக்கடாக்கள் மரத்தில் கனமாக உட்கார்ந்திருந்தன. சீமைக்கருவேலம் இங்கே நிறைய. தண்ணீரைக் குடித்துத் தரையை மூடும் அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதிலும் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. முதலில் நாட்டுக்கருவேலை நட்டு, அது வளர்ந்து கிளை விட்ட பிறகு, பறவைகள் கூடு கட்டாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதே முறை. பொக்லைன் இயந்திரத்தை இறக்கி ஒரே வாரத்தில் முடிப்பது முறை இல்லை.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய்க் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் படகு. மரப்பாலத்தில் நடந்து, கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் அலையாத்திக் காடு பச்சைக் கம்பளமாகவும், மறுபக்கம் விரிகுடா ஈயத்தகடாகவும் கிடக்கின்றன. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். வாடைக்காற்று அடித்தாலும் இந்த ஓரத்தில் அலை அடங்கியே வருகிறது. அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி என்பார்கள். பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் துடுப்புச் சத்தம் தவிர வேறில்லை. படகோட்டி அண்ணன் ஒரு இலையைப் பறித்து என் மகளிடம் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். அவள் முகம் சுளித்தாள். உப்பு! இலையின் மேல் வெயிலில் மின்னியது தூசு என்று நினைத்திருந்தேன். பொடி உப்புப் படிகம். உவர்நீரைக் குடித்து, உப்பை மட்டும் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது இந்த மரம். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து, பென்சில்களை நட்டு வைத்தது போல ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. மூச்சுவேர்கள். அவற்றின் நடுவே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், வா வா என்று அழைப்பது போலக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன.

கால்வாய் விரிகுடாவில் திறக்கும் இடத்தில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரிந்தது. அங்கேதான் இந்த நான்கு நாளின் பெரிய கூட்டம். உள்ளான்கள், உப்புக்கொத்திகள். வளைந்த நீண்ட அலகோடு தனியாக நடந்த கோட்டான் என்னும் கரைப்பறவை ஒன்று, ஆந்தை இல்லை. ஆலாக்கள் தலைகீழாகக் கடலில் குத்தி எழுந்தன. மிகச் சிறியதைக் காட்டி இது என்ன என்று சித்தப்பா கேட்டார். கொசு உள்ளான். இருபது முப்பது கிராம்தான் எடை, ஒரு எலுமிச்சம்பழத்தை விடக் குறைவு. மரமே முளைக்காத வடதுருவப் பனிநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தச் சேற்றுக்கு வருகிறது. சித்தப்பா பைனாகுலரை இறக்கவே இல்லை. அவர் கை லேசாக நடுங்கியது. வெகுநேரம் கழித்து, “இதற்கு யார் வழி சொன்னது?” என்றார்.

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்: சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தம் எல்லாவற்றையும் பறவைகள் வழிகாட்டியாகக் கொள்வதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள் என்று. கேட்டுக்கொண்டார். பிறகு, “வந்த இடத்தில் சேறு இல்லாமல் கட்டடம் இருந்தால் என்ன செய்யும்?” என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சாமநத்தம் கரையில் கிடந்த இடிபாடு நினைவுக்கு வந்தது.

கரைக்கு வந்ததும் ஊர்ப் பெண்கள் சமைத்த சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். மகளின் நோட்டில் அறுபத்திரண்டு பெயர்கள். அவற்றில் சித்தப்பா சொன்ன ஊர்ப் பெயர்கள் பத்தொன்பது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987 முதல் நடந்து வருகிறது. பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் அருகிலுள்ள நீர்நிலையில் எண்ணிக் கொடுக்கலாம் என்று படகோட்டி அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். சித்தப்பா மோர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு பஸ்ஸில் பரமக்குடி தாண்டும் முன்பே மூவரும் தூங்கிவிட்டோம்.

மறுநாள் காலை

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சித்தப்பா. நள்ளிரவில் வீடு போய்ச் சேர்ந்தவர், விடிவதற்குள் எழுந்து தன் ஊர்க் கண்மாய்க்குப் போயிருக்கிறார்.

“நத்தைகுத்தி பதினான்கு. பாம்புத்தாரா இரண்டு. கானாங்கோழியை எண்ண முடியவில்லை, கோரைக்குள் ஓடிவிடுகிறது. மடையில் தண்ணீர் நான்கடி நிற்கிறது, அதையும் எழுதச் சொல். கலுங்குப் பக்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, எனக்குப் பெயர் தெரியவில்லை. பாப்பாவை எழுப்பு.”

மகள் தூக்கக் கண்ணோடு போனை வாங்கிக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். “அலகு என்ன நிறம், சின்னத் தாத்தா?”